கியர் விழத் தாமதம்

ஏப்ரல் 7, திங்கள்

ஏழு மணிக்கே வெயில் அடிக்கிறது. தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றதால் வண்டியை வெளியே எடுக்க நேரமாகிவிட்டது. எடுத்த பிறகு வண்டியே நேரம் எடுத்துக்கொள்கிறது. கியர் லீவரை டி-க்குத் தள்ளினால் உடனே பிடிப்பதில்லை. வெறும் இன்ஜின் சத்தம். கொஞ்சம் பொறுத்து, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி கிளம்புகிறது. ஒரு மாதமாக இப்படித்தான். நாளுக்கு நாள் கூடுகிறது.

சிம்மக்கல் கடையில் நல்ல கூட்டம். சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் இப்போதே கயிறு, தார்ப்பாய் கேட்டு வருகிறார்கள். மதியம் தேங்காய்ச் சோறு. உப்பு கம்மி.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை:

காலையில் குளிர்ந்த வண்டி, டி போட்டால் தாமதம்.
ரிவர்ஸ் போட்டால் 'டொக்'.
மேல் கியருக்கு மாறும்போது சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.
நிறுத்தும் இடத்தில் சிவப்பாக எண்ணெய்ச் சொட்டு.
கருகல் வாடை. (ஜைனப் சொன்னது. எனக்கு அடிக்கவில்லை.)
எனக்கு இடது கால் போலியோ, கேலிப்பர் (இரும்புத் தாங்கி) மாட்டியது, கிளட்ச் மிதிக்க ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "பேசாம மேனுவல் வண்டி வாங்கிருங்க பாய்" என்று ஆரம்பிப்பார்கள். ஆட்டோமேட்டிக்கை விட்டால் எனக்கு வண்டியே கிடையாது.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஜைனப் எட்டிப் பார்த்தாள். "வண்டிக்கு இம்புட்டு எழுதுறீங்க. உங்க சுகர் டெஸ்ட்டுக்கு எப்பப் போறீங்க?"

"போறேன்."

"அதான் எப்ப?"

"போறேன்னா போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரி ஒரு வாக்குவாதத்தில் நான் ஜெயித்ததில்லை. இன்றைக்கும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

தலையெழுத்து. உசிலம்பட்டிக்கு மாட்டுக்கயிறு ஆர்டர் எடுக்கப் போனேன். செக்கானூரணி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை. கருகல் வாடை இந்த முறை எனக்கும் அடித்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். "பாய், நீங்க எறங்காதீங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணிரலாம்."

"ஸ்டார்ட்லதான்ப்பா இருக்கு."

"இருக்கட்டும் பாய், நீங்க செகண்டுல போடுங்க."

செகண்டும் இல்லை கிளட்சும் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரர்கள். பாதி ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

பாண்டிக்குப் போன் போட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் அவன்தான் எனக்குப் பெரிய வாடிக்கை, அதைவிடப் பெரிய சிநேகிதம். அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மாப்பிள்ளை. டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கட்டி இழுக்கக் கயிறு? என் டிக்கியிலேயே கட்டுக்கட்டாக இருக்கிறது.

"நியூட்ரல்ல போடுங்க மாமா. மாடு மாதிரி பின்னாலயே வந்துரும்."

ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படி இழுக்கலாமா என்று ஒரு சந்தேகம். கேட்டேன். "லோடு ஏத்துன லாரியவே இழுத்திருக்கேன் மாமா, இது என்ன" என்றான். நம்பினேன். சுற்றுச்சாலை வழியாக அவனியாபுரம் வரைக்கும் டிராக்டரின் பின்னால் வந்தேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பார்க்கிற குமரேசன் பட்டறை அங்கேதான். வழி நெடுக டிராக்டர் புகை முகத்தில்.

கயிறு அறுந்துபோகவில்லை. அந்த மட்டுக்கும் ஒரு திருப்தி.

ஏப்ரல் 10, வியாழன்

புழுக்கம். குமரேசன் கத்தினான். அவன் வயதுக்கு என்னிடம் கத்தக்கூடாது. ஆனாலும் கத்தினான்.

"அண்ணே, முன் சக்கரத்தத் தரையில உருட்டியா இழுத்துட்டு வந்தீங்க? கேரியர் வண்டில ஏத்திக் கொண்டாரணும்ணே! இன்ஜின் ஓடினாத்தான் உள்ள ஆயில் பம்பு ஓடும். ஆஃப் பண்ணிட்டு சக்கரத்த மட்டும் உருட்டுனா உள்ள எல்லாம் வறண்டு தேயும்."

அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், டீத்தூள் நிறம். மூக்கருகே கொண்டுவந்தான். அடுப்பில் தீய்ந்த வாடை.

"எத்தன நாளா கியர் விழ லேட்டாச்சு?"

"ஒரு மாசம்."

"அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா ஆயிலு, ஃபில்டரோட போயிருக்கும். இப்பப் பாக்ஸ இறக்கணும். பிளேட்டெல்லாம் கருகியிருக்கும்."

எழுதிவைக்கிறேன்: முதல் தாமதத்திலேயே போக வேண்டும். எண்ணெய் நிறம் பார்க்க வேண்டும். உருட்டி இழுக்கக் கூடாது. பாண்டியைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது, நான்தான் வாயை மூடிக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்தேன்.

பாண்டி போன் செய்தான். "என்ன மாமா சொல்றாரு மெக்கானிக்கு?" நல்லபடியாகத்தான் சொன்னார் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

லீவு நாள். பட்டறையும் மூடல். நான் மட்டும் கடையைத் திறந்தேன், பந்தல்காரர்களுக்காக.

ஷேர் ஆட்டோ. வலது காலை ஊன்றி, கம்பியைப் பிடித்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார வேண்டும். அதற்குள் டிரைவர் கிளட்சை விட்டுவிடுகிறான். உள்ளே ஒரு அம்மா: "கால் முடியாதவருக்கு எடம் விடுங்கப்பா." அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கி நடந்திருப்பேன். நடக்க முடிந்தால்.

காரில் இருக்கும்போது நான் யாருக்கும் கால் முடியாதவன் இல்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நான் ஒரு கார்க்காரன், அவ்வளவுதான். இதை ஜைனபிடம்கூடச் சொன்னதில்லை.

இன்னொரு தொல்லை. இறங்கிக் கடைப் படி ஏறப்போகும்போது சுமை தூக்குகிற ஆள் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்தார். "பாய், செருப்பு! ஆட்டோகிட்டயே கெடக்கு!" பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. கொதிக்கிற தார் ரோட்டில் அத்தனை தூரம் வந்திருக்கிறேன். வார் தளர்ந்துவிட்டது. புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

மின்விசிறி ரெகுலேட்டர் போச்சு. ஐந்திலேயே ஓடுகிறது.

ஏப்ரல் 19, சனி

வண்டி வந்துவிட்டது. அல்லாவுக்கே புகழ்.

குமரேசன் கருகிய பிளேட்டுகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான், நான் நம்ப வேண்டும் என்பதற்காக. சீல் எல்லாம் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுச் சூடானதும் கம்பியை உருவிக் காட்டினான். மாதுளைச் சாறு நிறம். டி போட்டதும் பிடித்தது. சத்தமே இல்லை. அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து விமான நிலைய ரோடு வரை போய் வந்தோம். கியர் மாறுவது தெரியவில்லை.

அதன்பின் நானே ஓட்டி வீட்டுக்கு வந்தேன். தெற்கு வாசல் நெரிசலில் கொஞ்சம் வெட்டியது. புது பிளேட், பழக வேண்டும் போல.

ஜைனப் வாசலுக்கு வந்து பார்த்தாள். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, தரையில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மாலையில் இரண்டு பேரும் தெப்பக்குளம் வரை சும்மா போய் வந்தோம். அவள் சுண்டல் வாங்கினாள். நிறையப் பேசினாள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் மனசே சரியில்லை. வண்டி மறுபடியும் உதைக்கிறது.

டி உடனே பிடிக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் கிளம்பும்போது ஒரேயடியாகப் பாய்கிறது. சிக்னலில் பச்சை விழுந்து லேசாகத்தான் மிதித்தேன். முன்னால் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ கேட்டார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

இத்தனை நாள் போட்டு வைத்து என்ன வேலை பார்த்தான்? போனில் பிடிபிடியென்று பிடித்தேன். "அண்ணே, அப்படி வர வாய்ப்பே இல்ல. கொண்டு வாங்க, பாப்போம்" என்றான். கொண்டு வரணுமாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவனியாபுரம். குமரேசன் ஓட்டினான். பூப்போலப் போகிறது.

"நீ ஓட்டுனா மட்டும் ஒழுங்காப் போகுது. ஆளப் பாத்துப் போகுதாப்பா வண்டி?"

"நீங்க ஓட்டுங்கண்ணே, நான் பக்கத்துல உக்காறேன்."

ஓட்டினேன். பட்டறை வாசலிலேயே ஒரு பாய்ச்சல். அவன் கை டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டது.

"அம்புட்டு அழுத்தாதீங்கண்ணே. லேசா வைங்க."

"லேசாத்தான்யா வச்சேன்!"

"இல்லண்ணே, நல்லா அழுத்துறீங்க. மீட்டரப் பாருங்க."

பார்த்தேன். முள் மேலே போயிருந்தது. அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "முந்தி பிளேட் வழுக்குச்சுல்ல, அப்ப அமுக்கி அமுக்கி ஓட்டிப் பழகிட்டீங்க. கால் அதையே பிடிச்சுக்கிச்சு. ஒரு வாரத்துல சரியாப் போயிரும்."

நியாயமாகத்தான் பட்டது. பழக்க தோஷம். அவனிடம் சூடாகப் பேசியதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கண்ணால் முள்ளைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் சரியாக வருகிறது. ரோட்டைப் பார்த்தால் வரமாட்டேன் என்கிறது.

புதுச் செருப்பு வாங்கியாயிற்று, பின்வார் வைத்தது.

ஏப்ரல் 24, வியாழன்

எழுத்து எனக்கே புரியவில்லை.

சிம்மக்கல், கடைக்கு எதிரே. வண்டியை ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் கொய்யாப்பழத் தள்ளுவண்டி, அதைப் பிடித்தபடி அந்த ஆள். பிரேக் மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, பாய்ந்தது. அவர் குதித்துவிட்டார். தள்ளுவண்டி சாய்ந்தது. கொய்யா எல்லாம் ரோட்டில், டவுன் பஸ் அதன் மேல் ஏறிப் போனது. ஒரு விநாடி தாமதமாகக் குதித்திருந்தால் அவர் அதன் அடியில்.

கூட்டம். "பாய், ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!" ஒருவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகினான். இன்னொருவன் எல்லாம் தெரிந்தவனாக: "ஆட்டோமேட்டிக்னாலே இப்படித்தான் மாப்ள. தானாக் கெளம்பிரும். இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது."

நானும் சொன்னேன்: "கியர்பாக்ஸ் வேல பாத்தான். சரியாப் பாக்கல." எல்லோரும் தலையாட்டினார்கள். கொய்யாக்காரரே தலையாட்டினார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே பாய்?" என்று என்னைக் கேட்டார். அவர் முழங்கையில் ரத்தம்.

பழத்துக்கு உண்டானதைக் கொடுத்தேன். மருந்துக் கடைக்கு அனுப்பினேன். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சாவியை அவன் திருகியபோது குனிந்து பார்த்தேன். என் கால் ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. பிரேக்கின் மேல் இருப்பதாகத்தான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஜும்ஆ. சூடு தாங்கவில்லை. பள்ளிவாசலுக்கு ஆட்டோவில்தான் போனேன். வண்டியைத் தொடவில்லை.

தொழுகைக்கு முன் ஒளு செய்யக் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து கேலிப்பரைக் கழற்றி வைத்தேன். மொட்டை மாடித் தொட்டியில் வெயிலில் சுட்டுக் கிடந்த தண்ணீர், கையை நீட்டியதும் இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் குழாயில் யாரோ: "யா அல்லா, டீ போடலாம் போல இருக்கே." சிரித்தேன். கை, வாய், முகம் கழுவினேன். ஒவ்வொரு முறையும் சுட்டது. தலை தடவினேன்.

வலது கால். குழாயடியில் நீட்டினேன். கை விரலால் தேய்த்தேன். கணுக்கால் வரை கழுவினேன். சூடு ஆறிவிட்டது போல என்று நினைத்தேன்.

இடது கால். நீட்டியதும் துள்ளியது.

இந்தக் கால் நடக்காது. நிற்காது. சூம்பிப்போன கால். ஆனால் எறும்பு ஊர்ந்தால் தெரியும், கேலிப்பர் வார் உராய்ந்தால் தெரியும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அது சுடுகிறது என்கிறது.

மறுபடி வலது காலை நீட்டினேன். தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. பாதத்தில் விழுந்து வழிகிறது. கையை வைத்தேன், கை சுட்டது. கால் சும்மா இருந்தது. மரக்கட்டையின் மேல் ஊற்றுகிற மாதிரி.

எத்தனை நேரம் அப்படி ஊற்றினேன் என்று தெரியவில்லை. பின்னால் காத்திருந்தவர், "பாய், பாங்கு சொல்லியாச்சு" என்றார். தோல் சிவந்துவிட்டது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து காய்ந்த தடம், அன்றைக்குத் தார் ரோட்டில் நடந்ததாக இருக்கும். விரல் இடுக்கில் ஒரு புண். அது எப்போது வந்தது? ஒரு நாளைக்கு ஐந்து வேளை இந்தக் காலைக் கழுவுகிறேன். கழுவியிருக்கிறேன், பார்க்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். மனம் நிற்கவில்லை. கருகிய பிளேட், டீத்தூள் நிற எண்ணெய், குமரேசன் கேட்ட கேள்வி. எத்தனை நாளாக?

பயமாக இருக்கிறது. எனக்கு இருப்பது இந்த ஒரு கால்தான்.

குமரேசனுக்குப் போன் செய்தேன். "வண்டில ஒண்ணும் இல்லப்பா. உன் வேலைல குறை இல்ல." அவன் சந்தோஷப்பட்டான். "நான்தான் சொன்னேன்லண்ணே, கால் பழகிரும்னு."

ஜைனபிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மீன் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஏப்ரல் 26, சனி

விடிகாலையில் லேசாகத் தூறல், மண் நனையவில்லை.

சொல்லிவிட்டேன். டீ டம்ளரோடு வந்தாள், சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"வலிக்கலயாங்க?"

"இல்ல."

"வலிச்சிருக்கணும்ங்க" என்றாள். பர்தாவை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

வண்டி வாசலில் நின்றது. துடைத்து வைத்த மாதிரி. ஒரு சொட்டு எண்ணெய் கீழே இல்லை. எந்தக் கோளாறும் இல்லாத வண்டி. அதைத் தாண்டி ஆட்டோவில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். சிமெண்ட் பெஞ்சில் காத்திருந்தோம். எதிரே ஒருவர், கட்டுப் போட்ட கால், விரல்கள் இருக்க வேண்டிய இடம் தட்டையாக. நான் சுவரைப் பார்த்தேன். ஜைனப் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயது. திட்டவில்லை. அதுவே பயம். புண்ணைச் சுத்தம் செய்தார். சர்க்கரை பல வருஷமாகவே கூடுதலாக இருந்திருக்கிறது, நரம்பு கெட்டிருக்கும், ரெண்டு காலிலும் இருக்கும், வலது கால் பாரம் முழுக்கத் தாங்குவதால் அதில் முந்தி வந்திருக்கலாம் என்றார்.

"கார் ஓட்டுறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜைனப்: "ஓட்டுறாங்க."

"மொதல்ல டெஸ்ட் பண்ணிருவோம்" என்று பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழை. அதால் பாதத்தில் தொடுவாராம். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

முதலில் இடது கால். "தெரியுது" என்றேன். கொஞ்சம் விட்டு மறுபடி, "தெரியுது." நல்ல பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.

"இப்ப வலது கால் பாய். கண்ணத் தொறக்காதீங்க."

மூடிக்கொண்டேன். காதைத் தீட்டிக்கொண்டேன், காதால் கேட்டாவது சொல்லிவிடலாம் என்று. மின்விசிறி ஓடும் சத்தம். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். ஜைனபின் கையில் உருண்டுகொண்டிருந்த மணி நின்றுவிட்டது. நான் தயாராக இருந்தேன். முதல் தொடுகைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டாக்டரம்மா கையுறை மாற்றுகிறார் போல, ஏதோ எடுக்கிறார் போல.

"ம், ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"முடிஞ்சிருச்சு பாய்" என்றார்.